உப்பளத்தில் இருந்து சினிமாவுக்கு வந்த பாட்டுக்காரர்
பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம்

இருபத்தொன்பது வயது. ஒரு மனிதன் வாழ்க்கையைத் தொடங்கும் வயது அது. அந்த வயதில் ஒருவர் தம் வேலையை முடித்துக் கொண்டு போய்விட்டார்.

அவர் சினிமாவுக்குப் பாட்டு எழுதியது ஏறத்தாழ ஐந்தே ஆண்டுகள். எழுதிய பாட்டுகள் சுமார் 200. இன்றும் டீக்கடை ரேடியோவில் அவர் பாட்டுக் கேட்கிறது. கல்யாண வீட்டு ஒலிபெருக்கியிலும் கேட்கிறது. பாட்டைக் கேட்பவர்கள், இது எம்.ஜி.ஆர். பாட்டு என்கிறார்கள். இது ஜெமினி கணேசன் பாட்டு என்கிறார்கள். எழுதியவர் யார் என்று கேட்டால் பலருக்குத் தெரிவதில்லை.

எழுதியவர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம். அவருடைய கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறோம். அவர் பிறந்த பக்கத்துக் கடற்கரையையும், அதிகம் பேர் கேட்காத அவருடைய சில பாட்டுகளையும் பற்றிக் கூடவே சொல்கிறோம்.

பிறந்த ஊர்

தஞ்சை மாவட்டத்தின் தென்கோடியில் இருக்கிறது பட்டுக்கோட்டை. அதன் அருகில் செங்கப்படுத்தான்காடு என்று ஒரு சிற்றூர். அங்கே 1930-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 13-ந் தேதி கல்யாணசுந்தரம் பிறந்தார்.

தந்தை அருணாசலம் ஓர் எளிய விவசாயி. ஆனால் பாட்டுக் கட்டத் தெரிந்தவர். கும்மிப் பாட்டு எழுதியவர். ஆகவே பிள்ளைக்குப் பாட்டு வீட்டிலேயே கிடைத்தது. நடவு நடும் பெண்களின் பாட்டும், ஏற்றம் இறைப்பவர்களின் பாட்டும் வயலில் கிடைத்தன.

பள்ளிக்கூடம்தான் கிடைக்கவில்லை. சிறிது காலமே படித்தார். எழுதப் படிக்கத் தெரிந்ததும் படிப்பு நின்றது. வயலுக்குப் போக வேண்டியதாயிற்று.

ஆனாலும் அவர் கற்பதை விடவில்லை. எழுத்துக் கூட்டிப் படித்த அந்தப் பையன், பின்னாளில் நாடே பாடும் வரிகளை எழுதினார். பள்ளியில் உட்கார்ந்த நாட்கள் குறைவு என்பது அவருக்கு ஒரு தடையாகவே இல்லை. இப்போதுதான் எழுதப் படிக்கக் கற்றவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

பதினேழு தொழில்

கல்யாணசுந்தரம் பதினேழு தொழில் செய்தவர் என்று சொல்வார்கள். உழவு செய்தார். மாடு மேய்த்தார். மாடு வாங்கி விற்றார். மாம்பழம் விற்றார். இட்லி விற்றார். முறுக்கு விற்றார். தேங்காய் வியாபாரம் செய்தார். கீற்று விற்றார். தண்ணீர் வண்டி ஓட்டினார். மீனும் நண்டும் பிடித்தார். உப்பளத்தில் கூலி வேலை செய்தார்.

கடைசி இரண்டு தொழிலையும் கவனியுங்கள். இரண்டும் கடலோரத் தொழில்கள்.

பட்டுக்கோட்டையில் இருந்து தெற்கே போனால் கடல் வந்துவிடும். அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம் எல்லாம் அந்தக் கரையில் இருக்கும் ஊர்கள். அதிராம்பட்டினத்துப் பக்கம் உப்பளங்கள் உண்டு. கடல் நீரைப் பாத்திகளில் தேக்குவார்கள். வெயிலில் நீர் சுண்டும். உப்புப் பூக்கும். அதைப் பலகையால் வாரிக் குவிக்க வேண்டும். எந்த வெயில் உப்பை விளைவிக்கிறதோ, அதே வெயில் தொழிலாளியின் தலையிலும் காயும். காலில் உப்புத் தண்ணீர் அரிக்கும். இதுதான் உப்பளத்து வேலை.

இந்த வேலையைச் செய்தவர் எழுதும்போது, உழைப்பு என்பது புத்தகத்தில் படித்த சொல்லாக இருக்குமா? வியர்வை என்று அவர் எழுதினால் அது அவருடைய சொந்த வியர்வை. அவருடைய பாட்டுகளில் பொய்ச் சொல் இல்லாமல் போனதற்கு இதுவே காரணம்.

கெண்டை மீன் தந்த பாட்டு

முதல் பாட்டு எப்படி வந்தது என்பதை அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

அது 1946-ம் ஆண்டு. வயலைப் பார்த்துவிட்டு வரப்பு வழியாக நடந்து வந்தார். ஏரிக்கரையில் ஒரு வேப்பமரம். அதன் நிழலில் உட்கார்ந்தார். தண்ணீரில் சின்னக் கெண்டை மீன் ஒன்று துள்ளி விளையாடிக் கொண்டிருந்தது. தூண்டில்காரன் வந்தால் அதன் கதி என்ன என்று எண்ணினார். மனம் இளகியது. அந்த மீனைப் பார்த்து, தப்பி ஓடிவிடு என்று எச்சரிக்கிற மாதிரி ஒரு பாட்டுப் பிறந்தது.

வலிமை உள்ளவன் வலிமை இல்லாதவனை விழுங்குகிறான். சின்னவன் விழிப்பாக இருந்தால்தான் பிழைப்பான். இந்த எண்ணத்தை அவர் பிறகு பல பாட்டுகளில் சொன்னார். அதன் வித்து ஏரிக்கரையில் விழுந்துவிட்டது.

சங்கமும் நாடகமும்

தஞ்சை மாவட்டத்தில் அந்தக் காலத்தில் விவசாயிகள் இயக்கம் வலுத்து வந்தது. குத்தகைக்காரர்களும் கூலி விவசாயிகளும் சங்கம் சேர்ந்தார்கள். கல்யாணசுந்தரமும் அதில் சேர்ந்தார். பொதுவுடைமை இயக்கத்தில் ஈடுபட்டார். தலைவர் ஜீவானந்தத்தின் அன்பு அவருக்குக் கிடைத்தது. ஜனசக்தி பத்திரிகையில் அவருடைய பாட்டுகள் வெளிவந்தன.

நடிக்க வேண்டும் என்ற ஆசையும் அவருக்கு இருந்தது. சக்தி நாடக சபாவில் சேர்ந்தார். சிறு வேடங்கள் போட்டார்.

புதுச்சேரியில் பாவேந்தர் பாரதிதாசன் இருந்தார். கல்யாணசுந்தரம் அவரிடம் போய்ச் சேர்ந்தார். சில காலம் உடன் இருந்து தமிழ் கற்றார். யாப்பும் இலக்கணமும் அங்கே தெளிவாயின. கிராமத்துக் காதும் பாவேந்தரின் பயிற்சியும் ஒன்று சேர்ந்தன. பிறகு அவர் பேனா தடுமாறவில்லை.

விவசாயிகள் சங்க மாநாட்டுக்காகக் கண்ணின் மணிகள் என்ற நாடகம் போட்டார்கள். அதற்கு அவர் பாட்டு எழுதினார். யார் இந்தப் பாட்டுக்காரர் என்று கேட்கத் தொடங்கினார்கள்.

சென்னையில் ஓர் அறை

பிறகு சென்னை. ராயப்பேட்டையில் ஒரு சிறு அறை. உடன் இருந்தவர்கள் வாய்ப்புத் தேடிக் கொண்டிருந்த நடிகர்கள். எல்லோருக்கும் நிலை ஒன்றே. ஒருவருக்குக் காசு கிடைத்தால் எல்லோரும் சாப்பிடுவார்கள்.

படித்த பெண் என்ற படத்துக்கு எழுதியதே அவருடைய முதல் சினிமாப் பாட்டு என்பார்கள். அந்தப் படம் 1956-ம் ஆண்டு வந்தது.

அதே ஆண்டில் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த பாசவலை படமும் வந்தது. விஸ்வநாதன்-ராமமூர்த்தி இசை. புதிதாக ஒரு கவிஞர் வந்திருக்கிறார், அவருக்கு ஒரு வாய்ப்புக் கொடுங்கள் என்று விஸ்வநாதனிடம் சொன்னார்கள். அவருக்கு மனம் இல்லை. பெயர் தெரியாத ஆளை வைத்துக் கொண்டு எப்படி வேலை செய்வது என்று தயங்கினார்.

பிறகு அந்தப் புதியவர் எழுதிய தாள் கைக்கு வந்தது. படித்தார். ஆடு, நரி என்று கிராமத்துப் பிள்ளைகளுக்குத் தெரிந்த பேச்சு. அதற்குள் வாழ்க்கையின் பெரிய உண்மை. இப்படிப்பட்டவரையா வேண்டாம் என்றோம் என்று விஸ்வநாதன் வருந்தினார். பிற்காலத்தில் இதை அவரே மேடைகளில் சொல்லியிருக்கிறார். அன்று முதல் இருவரும் நெருங்கிய நண்பர்கள்.

மெட்டுக்கு எழுதுவது

சினிமாவுக்குப் பாட்டு எழுதுவது தனி வித்தை. பல வேளை மெட்டு முதலில் வரும். இசையமைப்பாளர் ஆர்மோனியத்தில் வாசித்துக் காட்டுவார். கதையில் யார் பாடுகிறார்கள், எதற்காகப் பாடுகிறார்கள் என்று இயக்குநர் சொல்வார். மெட்டின் அளவுக்குள் சொல் அடங்க வேண்டும். ஓர் எழுத்துக் கூடினாலும் பாடுகிறவர் திணறுவார். பாட்டு முழுவதும் மூன்று, மூன்றரை நிமிடத்தில் முடிய வேண்டும். அந்தக் காலத்து இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் அவ்வளவுதான் கொள்ளும்.

கல்யாணசுந்தரத்துக்கு இது கைவந்த கலை. கும்மியும் தெம்மாங்கும் காதில் ஊறியவர் அல்லவா? மெட்டைக் கேட்டதும் அதற்கு ஏற்ற பேச்சு நடை அவருக்கு வந்துவிடும். அருஞ்சொல் தேட மாட்டார். வீட்டில் பேசும் சொல்லையே எடுப்பார்.

1958-ம் ஆண்டு எம்.ஜி.ஆர். தயாரித்து இயக்கிய நாடோடி மன்னன் வந்தது. அதில் தூங்கும் தம்பியை எழுப்பும் பாட்டு இவருடையது. காடு விளைந்தும் உழைப்பவன் கை ஏன் காலியாக இருக்கிறது என்று ஒரு பெண் கேட்க, ஆண் நம்பிக்கை சொல்லும் பாட்டும் இவருடையது. அந்தப் பாட்டுகள் பட்டிதொட்டி எங்கும் ஒலித்தன.

1959-ம் ஆண்டு ஸ்ரீதர் இயக்கிய முதல் படமான கல்யாணப் பரிசு வந்தது. ஏ.எம். ராஜா இசை. அத்தனை பாட்டும் கல்யாணசுந்தரம். உழைப்பாளியின் கவிஞர் என்று பேர் வாங்கியவர், காதலையும் பிரிவையும் இவ்வளவு மென்மையாக எழுதுவாரா என்று ஊர் வியந்தது.

அதிகம் கேட்காத பாட்டுகள்

இவை எல்லோருக்கும் தெரிந்த பாட்டுகள். தெரியாத பாட்டுகள் பல உண்டு.

ஒரு பாட்டு ஏன் மறைந்து போகிறது? படம் ஓடாவிட்டால் பாட்டும் மறைகிறது. அதே படத்தில் வேறொரு பாட்டுப் பெரிய பெயர் வாங்கிவிட்டால், பக்கத்துப் பாட்டு நிழலில் போய்விடுகிறது. பெரிய நடிகர் வாயசைக்காத பாட்டு என்றாலும் மறந்து போகிறார்கள்.

1957-ம் ஆண்டு வந்த புதையல் படத்தைப் பாருங்கள். சிவாஜியும் பத்மினியும் நடித்தது. அந்தப் படம் என்றதும் எல்லோருக்கும் கடற்கரையில் பாடும் காதல் பாட்டுத்தான் நினைவுக்கு வரும். அதை எழுதியவர் எம்.கே. ஆத்மநாதன். நல்ல பாட்டு. ஆனால் அதே படத்தில் கைத்தறிச் சேலையைப் பற்றி ஒரு பாட்டு உண்டு. பி. சுசீலா பாடியது. இழை பின்னுவதையும் நெசவாளியின் உழைப்பையும் சொல்வது. அது கல்யாணசுந்தரத்தின் பாட்டு. கேட்டுப் பாருங்கள். தறி ஓடுகிற ஓசை பாட்டுக்குள்ளேயே கேட்கும்.

அதே ஆண்டில் வந்த சௌபாக்கியவதி படத்தில் தில்லை நடராசரைப் பற்றி ஒரு பாட்டு. டி.எம். சௌந்தரராஜன் பாடியது. பொதுவுடைமைக்காரர் கோயில் பாட்டும் எழுதினாரா என்று வியப்பார்கள். ஆம், எழுதினார். கதையில் பாடுகிறவன் பக்தன் என்றால், பக்தன் மனத்தோடு எழுதுவதே பாட்டுக்காரன் கடமை. அதை அவர் அரைமனத்தோடு செய்யவில்லை.

மகாதேவி படத்தில் தாயத்து விற்பவன் பாட்டு ஒன்று உண்டு. சிரிக்கச் சிரிக்கப் பாடிக் கொண்டே, தாயத்தை நம்பாதே, உழைப்பை நம்பு என்று சொல்லிவிடுவார். இரும்புத்திரை படத்தில் திருச்சி லோகநாதன் பாடிய பாட்டு ஒன்று. சம்பளம் கைக்கு வந்த வேகத்தில் போய்விடுகிறதே என்று ஒரு தொழிலாளி நொந்து கொள்வது. மாதக் கடைசியில் கேட்டால் இன்னும் நன்றாகப் புரியும்.

இல்லறமும் முடிவும்

1957-ம் ஆண்டு கல்யாணசுந்தரத்துக்குத் திருமணம் நடந்தது. பாவேந்தர் பாரதிதாசன் தலைமை தாங்கினார். ஓர் ஆண் குழந்தை பிறந்தது. கையில் வேலை நிறைந்திருந்தது. வறுமை விலகத் தொடங்கியது.

அப்போதுதான் நோய் வந்தது. மூக்கில் கோளாறு. சிகிச்சை பெற்றார். தேறவில்லை. 1959-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 8-ந் தேதி சென்னையில் காலமானார்.

கல்யாணப் பரிசு வெளிவந்து ஆறே மாதம் ஆகியிருந்தது. மகன் இன்னும் கைக்குழந்தை. மனைவி இளம் வயதுக்காரர்.

கவிஞர் கண்ணதாசன் அவரைவிட மூன்று வயது மூத்தவர். அதே துறையில் இருந்தவர். தொழிலில் போட்டி என்று ஊர் பேசும். ஆனால் கல்யாணசுந்தரம் மறைந்ததும் கண்ணதாசன் மனம் உருகி இரங்கற்பா எழுதினார்.

எழுதி வைத்த பாட்டுகள் அவர் போன பின்னும் வந்து கொண்டே இருந்தன. 1961-ம் ஆண்டு அரசிளங்குமரி வந்தது. அதில் ஒரு சிறுவனை நிறுத்தி வைத்து எம்.ஜி.ஆர். புத்தி சொல்லும் பாட்டு உண்டு. ஆளும் வளர வேண்டும், அறிவும் வளர வேண்டும் என்ற கருத்து. வேப்பமரத்துப் பேய் என்று சொல்லும் பயமுறுத்தலை நம்பாதே என்ற கருத்து. தமிழ்நாடே தன் பிள்ளைகளுக்கு அதைப் பாடிக் காட்டியது. எழுதியவருக்கோ, தம் சொந்தப் பிள்ளையை மடியில் இருத்திப் பாடிக் காட்ட ஆயுள் இல்லாமல் போயிற்று.

நாடு செய்த நன்றி

எம்.ஜி.ஆர். முதலமைச்சர் ஆன பிறகு, தம் நாற்காலியின் கால்களில் ஒன்று பட்டுக்கோட்டையாரின் பாட்டு என்று சொன்னார். 1981-ம் ஆண்டு தமிழக அரசு அவருக்குப் பாவேந்தர் விருது அளித்தது. அவர் மறைந்து 22 ஆண்டுக்குப் பிறகு கிடைத்த விருது. 1993-ம் ஆண்டு அவர் எழுத்துகள் நாட்டுடைமை ஆயின. 2000-ம் ஆண்டு பட்டுக்கோட்டையில் மணிமண்டபம் எழுந்தது.

ஒருநாள் போய் வரலாம்

பட்டுக்கோட்டைப் பக்கம் போகிறவர்கள் மணிமண்டபத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி விடாதீர்கள். காலையில் புறப்பட்டால் மாலைக்குள் கடற்கரையையும் பார்த்து வரலாம்.

பட்டுக்கோட்டையில் இருந்து சுமார் 20 கிலோமீட்டர் தூரத்தில் மனோரா இருக்கிறது. மல்லிப்பட்டினத்துக்கு அருகில், சரபேந்திரராஜன்பட்டினம் என்ற ஊரில், கடலை ஒட்டி நிற்கிறது. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி கட்டியது. ஐரோப்பாவில் நெப்போலியன் வீழ்ந்ததற்கு நினைவாகக் கட்டினார். ஆண்டு 1814 என்பார்கள். எட்டு அடுக்கு. அறுகோண வடிவம். மினார் என்றால் உயர்ந்த தூண்கோபுரம். அந்தச் சொல்தான் மக்கள் வாயில் மனோரா ஆயிற்று.

இங்கே மெரினாவைப் போல் கூட்டம் இராது. பேரலையும் இராது. இது பாக் நீரிணைப் பக்கம். இலங்கை எதிரே அணை போல் இருப்பதாலும், கடல் ஆழம் இல்லாததாலும், நீர் குளம் போலக் கிடக்கும். சில நாள் அலைச் சத்தமே கேட்காது. தூரத்தில் மீனவர்களின் படகுகள் நிற்கும்.

கடலுக்கு அடியில் புல் முளைத்திருக்கிறது. அந்தப் புல்லை மேயும் கடற்பசு என்ற பிராணி இங்கே வாழ்கிறது. 2022-ம் ஆண்டு தமிழக அரசு இந்தப் பகுதியில் 448 சதுர கிலோமீட்டர் கடலைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவிலேயே இதுதான் முதலாவது. கரையில் இருந்து பார்த்தால் கடற்பசு கண்ணில் படுவது அரிது. அது அங்கே இருக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

இன்னும் கொஞ்சம் பொழுது இருந்தால் கிழக்கே முத்துப்பேட்டைக்குப் போகலாம். அங்கே அலையாத்திக் காடு இருக்கிறது. உப்பு நீரில் வேரூன்றி நிற்கும் மரங்கள். புயலும் அலையும் வந்தால் கரையைக் காப்பவை அவைதாம்.

போகும்போது சோறு கட்டிக் கொண்டு போங்கள். குடிதண்ணீர் மறக்க வேண்டாம். வெயில் கடுமையாக இருக்கும். பிள்ளைகளுக்குத் தொப்பியோ துண்டோ வேண்டும். குப்பையைக் கடலில் போடாமல் திரும்ப எடுத்து வாருங்கள். கடற்பசு மேயும் புல்லில் பிளாஸ்டிக் சிக்கக் கூடாது.

இன்று எல்லோர் கையிலும் செல்போன் இருக்கிறது. பழைய பாட்டு எது வேண்டுமானாலும் தேடினால் கிடைக்கிறது. மனோராவின் நிழலில் உட்கார்ந்து, புதையல் படத்துக் கைத்தறிப் பாட்டைப் போடுங்கள். அடுத்து இரும்புத்திரைத் தொழிலாளியின் பாட்டைப் போடுங்கள். பாட்டி இருந்தால் அவருக்குத் தெரிந்த பாட்டைப் பாடச் சொல்லுங்கள். பாட்டு முடிந்ததும், யார் பாடினார் என்பதோடு யார் எழுதினார் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

பாடியவர் பெயரும் நடித்தவர் பெயரும் சொல்லாமலே நிலைக்கும். எழுதியவர் பெயரைத்தான் சொல்லிச் சொல்லிக் காப்பாற்ற வேண்டும்.